ஊதாத பாரிடோன்

சிங்கப்பூரின் மார்சிலிங் வட்டாரச் சிறுவர் ஜாஸ் குழுவில் ஷபானா புதிதாகச் சேர்ந்தாள். குழுவின் ஆசிரியர் ஜோனத்தன் சார் அவளுக்குச் சாக்ஸபோன் குடும்பத்தைக் காட்டினார். நேராக நீண்டிருக்கும் சொப்ரானோ, தாரணி வாசிக்கும் ஆல்டோ, ராஜீவ் வாசிக்கும் டெனர். எல்லாவற்றையும் விடப் பெரியது பாரிடோன்.

"பெல்ஜியம் நாட்டுக்காரர் அடோல்ஃப் சாக்ஸ் சாக்ஸபோனைக் கண்டுபிடிச்சப்போ ஜாஸ் இசையே பிறக்கல. முதல்ல ராணுவ பேண்டுலதான் வாசிச்சாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுதான் ஜாஸுக்கு வந்துச்சு" என்றார் சார்.

ஷபானா பழைய பள்ளியில் பாரிடோன் வாசித்தவள். ஆசையாக எடுத்து ஊதினாள்.

'பூஊஊம்!'

"ஐயோ, துவாஸ் துறைமுகத்துக்குக் கப்பல் வந்துடுச்சு லா!" என்றாள் தாரணி.

எல்லோரும் சிரித்தார்கள். ஷபானாவும் சிரித்தாள். அதனால் அதில் தப்பில்லை என்று தாரணி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு ஷபானாவின் விரல்கள் மட்டும்தான் அசைந்தன. பாரிடோனுக்குள் காற்றே ஊதுவதில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தாரணிக்கு அது தெரிந்தது. 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று விட்டுவிட்டாள்.

லிட்டில் இந்தியாவில் குழுவின் நிகழ்ச்சி நெருங்கியது. கடைசி ஒத்திகையில் சார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வீடு இருக்கு, தரையைக் காணோம். எல்லாத்தையும் கீழேர்ந்து தாங்குற பாரிடோன் எங்க? ஷபானா, வீட்டுல பயிற்சி பண்ணலையா? இப்படின்னா நாளைக்கு மேடை ஏற வேண்டாம்மா."

ஷபானா தலைகுனிந்தாள். ஒரு வார்த்தைகூடத் தாரணியைப் பற்றிச் சொல்லவில்லை.

தாரணிக்குக் காது இரண்டும் சுட்டன. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கடைசியில் எழுந்து நின்றாள்.

"சார், என்னாலதான். நான் கப்பல்னு கேலி பண்ணினேன். அதுலேர்ந்துதான் அவ ஊதல."



"பரவால்ல சார், நான் வரல" என்று ஷபானா பாரிடோனை உள்ளே வைக்கப் பெட்டியைத் திறந்தாள்.

"இரு!" என்றாள் தாரணி. "நான் ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டுமா?"

பாரிடோனை வாங்கி, ஊதும் வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டு, கன்னம் வெடிக்க ஊதினாள்.

'ப்ஸ்ஸ்ஸ்...'

"டயர்ல காத்து போகுது லா!" என்றான் ராஜீவ். அறையே சிரித்தது.

தாரணியும் சிரித்தாள். ஆனால் அவளுக்குச் சிரிக்கப் பிடிக்கவில்லை. அன்று ஷபானா சிரித்ததும் இப்படிப்பட்ட சிரிப்புதான் என்று இப்போது புரிந்தது. வெட்கம் இன்னும் கூடியது.

ஷபானா அவளையே பார்த்தாள்.

"கன்னத்தால ஊதக்கூடாது. வயித்துலேர்ந்து காத்து வரணும். குடு இங்க."

வாங்கி ஊதினாள். முதலில் மெதுவாக, பிறகு முழு மூச்சோடு. யாரும் சிரிக்கவில்லை. தாரணி தன் ஆல்டோவை எடுத்து அதோடு சேர்ந்துகொண்டாள். ராஜீவின் டெனரும் வந்தது.

"ஆங், தரை வந்துடுச்சு!" என்றார் சார். பிறகு, "ஷபானா, நானும் விசாரிக்காம திட்டிட்டேன். சாரிம்மா" என்றார்.

மறுநாள் லிட்டில் இந்தியா மேடையில் பாரிடோன்தான் முதலில் தொடங்கியது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பையன் கீழே இறங்கி ஆட ஆரம்பித்தான். கூட்டம் கைதட்டியபோது, ஷபானா முன்னால் தெரியட்டும் என்று தாரணி சற்றுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

எல்லாம் முடிந்தபின் அவள் மெல்ல ஷபானாவிடம் வந்தாள்.

"ஷபானா, அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. சாரி."

 ஷபானா பாரிடோன் பெட்டியைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் பிடி. செம கனம்."

இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் இடித்தபடி, எம்ஆர்டி ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.