நானூறு யானைகளும் ஒரு பக்கெட்டும்

“அய்யோ... போச்சே!”

உலர்த்தும் அறையிலிருந்து அலறல்!

துர்கா ஓடினாள். உள்ளே நானூறு யானைகள் வரிசையாக நின்றன. சூளைக்குப் போகவேண்டிய பீங்கான் பொம்மைகள். அத்தனையும்... ஈரம்!

அலறியவர் முதலாளி ராஜாங்கம்.

“இதை இப்படியே சூளையில வச்சா வெடிச்சிரும்மா! நீ சொல்லித்தானே ஹீட்டரைக் கழட்டிட்டு இந்த ஈரம் உறிஞ்சற மெஷினை வாங்குனேன்? இன்னிக்கே ரெண்டு பேரும் கெளம்புங்க. நீயும்... அதுவும்!”

துர்கா வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம்.

மெஷினுக்குக் கீழே பார்த்தாள். இருபது லிட்டர் பக்கெட். விளிம்பு வரை தண்ணீர்!

“மெஷினு நல்லாத்தான் உழைச்சிருக்குது மொதலாளி.”

“என்னத்த உழைச்சுது?”

“ஐஸ் மோர் ஊத்துன சொம்புக்கு வெளியில வேர்க்குது இல்ல? அதேதான். உள்ள ஜில்லுனு ஒரு சுருளு. காத்து அதுல பட்டா, ஈரம் வேர்த்துப் பக்கெட்டுல சொட்டும். பக்கத்துச் சுருளு சூடு. காஞ்ச காத்தைச் சூடாக்கி மறுபடி யானைகிட்டயே அனுப்பும். ஹீட்டராட்டம் சூட்டை வெளிய தள்ளி கரண்டைத் தின்னாது.”

“பாடம் வேணாம். யானை ஏன் காயல?”

துர்கா ஒரு யானையைத் தராசில் வைத்தாள். நேற்றைய எடையைவிட நாலு கிராம்தான் குறைவு!

“நானூறும் சேந்து ரெண்டு லிட்டரு கூட விடல.”

“அப்ப மீதித் தண்ணி...?”

“கதவு இடுக்கெல்லாம் ரப்பரு. வெளிக்காத்து வராது. உள்ள வேற ஒரு ஈரமான ஆசாமி இருந்திருக்கான்!”

கதவருகே நின்ற வாட்ச்மேன் தங்கதுரை பதறினார். “சத்தியமா நான் இல்லம்மா!”

அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சொதசொத. ஐந்து நாள் அடைமழை. அவள் துப்பட்டாவும் அதே கதி. விருத்தாசலத்தில் காய்ந்த துணி என்று ஒன்று இருந்தால், அது ஜவுளிக்கடையில்தான்.

இல்லை... இன்னொன்றும் இருந்தது!

முதலாளியின் வேட்டி. அப்பளம் மாதிரி மொறமொறவென்று!

“மொதலாளி... வூட்டுத் துணி மொத்தமும் இங்கதான் காஞ்சுதா?”

ராஜாங்கம் கூரையைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் தொங்கவில்லை.

“பொண்டாட்டி மூட்டை கட்டிக் குடுத்துட்டா... எல்லாம் சேந்து காஞ்சிரும்னு... யோவ் தங்கதுரை, கேட்டுக்குப் போய்யா!”

தங்கதுரை போனதும் ராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார்.

“வேலை உனக்குத்தாம்மா. இன்னிக்கி மட்டும்... ரெண்டே ரெண்டு ஜமுக்காளம்...”

துர்கா பக்கெட்டை வெளியே கவிழ்த்துவிட்டு வந்து மெஷின் ஸ்விட்சைத் தட்டினாள்.

“யானைங்க காயட்டும் மொதலாளி. அதுங்களுக்கு மாத்திக்க வேற தோலு இல்ல!”