பதில் விசில்

ஐந்துதான் வந்தது.

அஃப்ரா மறுபடி எண்ணினாள். மூடுபனிக்குள் எங்கோ கீழே, பத்து நொடிக்கு ஒன்றாக ஐந்து விசில். ஆறாவது வரவேண்டிய நேரம் வெறுமனே கடந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி ஐந்து. இந்த மலைகளின் அடியில் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கு முன்பே தெரிந்துவிடுவது அது: ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று முறை ஊதினால் கேட்டுவிட்டது, வருகிறோம் என்று பொருள். ஐந்து என்று ஒன்று கிடையாது.

"அஞ்சுதான் ஊதறாங்க."

"கடைசில மூச்சு போயிருக்கும்," என்றான் அவள் கணவன் குவிரின். "நீ கால உடைச்சுக்கிட்டு ஊதிப் பாரு. மூணே வராது."

உச்சியில் நட்டிருந்த சிலுவையிலிருந்து அரை மணி நேரம் இறங்கி, இரு மலைகளுக்கு நடுவிலுள்ள தாழ்வில் வழிகாட்டிப் பலகைக்கு அடியில் நின்றிருந்தார்கள். அக்டோபர், சனிக்கிழமை மதியம். மாடுகள் மூன்று வாரம் முன்பே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டதால் மணிச்சத்தம் இல்லை. ஈரக் கம்பளியும் நனைந்த சுண்ணாம்புக்கல்லும் குட்டைப் பைன் மரப் பிசினும் கலந்த வாசனை. பலகையிலிருந்து சொட்டும் நீர் கூட, கீழே விழுமுன் பனியில் தயங்குவதுபோல் இருந்தது.

"ஒரே ஆள் ஊதற மாதிரி இல்ல, குவிரின். ஒவ்வொண்ணும் வேற வேற. ரெண்டாவது, விரல வாய்ல வச்சு ஊதறது."

"பாறை அப்படித்தான் திருப்பித் தரும். இருபத்தாறு வருஷம் கேட்டிருக்கேன்."

இருபத்தாறு வருடம் மலை மீட்புக் குழுவில் இருந்தான். முழங்கால் போனதும் வசந்தத்தில் விலகினான். இப்போது அந்த இடத்தில் மகன் கோர்பி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு குவிரின் ஏறும் முதல் மலை இது. காலையில் தேநீர்க் குடுவையை மூடிக்கொண்டே கோர்பி சொன்னான்: "அப்பாவ முழுசா எறக்கிட்டு வந்துரும்மா. ஆட்டுக்குட்டி கத்தினாக்கூட ஓடுவாரு." அவளும் சரி என்றிருந்தாள்.

குவிரின் கழுத்திலிருந்த நிக்கல் விசிலை எடுத்தான். நசுங்கிய விசில். அதன் சத்தம் நடுவில் பிளந்து இரண்டாகக் கேட்கும். அவள் கையைப் பிடிக்குமுன் மூன்று முறை ஊதிவிட்டான்.

கீழே விசில் நின்றது. ஊதிக்கொண்டிருந்ததன் பாதியில்.

"பாத்தியா. கேட்டுருச்சு."

"கோர்பிய கூப்பிடலாம். நாம நிப்போம்."

"கூப்பிடு. அவன் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நான் போய்ப் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"முட்டி?"

"அதுவும் என்னோடதான் வரும். வேற எங்க போகும்."

பதில் ஊதியாகிவிட்டது. ஊதிவிட்டுப் போகாதவன் என்று ஊரில் யாரும் இல்லை.

"பலகைய விட்டு நகராத," என்று சொல்லி, பாதையை விட்டு இடப்பக்கப் புல்சரிவில் இறங்கினான். சிவப்பு முதுகுப்பை மங்கியது. ஊன்றுகோல் கல்லில் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம். பிறகு ஈரப்புல்லில் உரசும் துணி. பிறகு அதுவும் இல்லை.

போனில் சார்ஜ் நான்கு சதவீதம். மீதியைக் குவிரின் சிகரங்களைப் படமெடுத்தே தீர்த்திருந்தான். கோர்பி உடனே எடுத்தான். பின்னால் குழுவினரின் சீட்டாட்டச் சிரிப்பு.

"அஞ்சா? எவனாவது குடிச்சிருப்பான். அப்பாவ அனுப்பிட்டியா?"

"நான் அனுப்பியா அவரு போனாரு."

"அதுவும் சரிதான். மூணு பேர் வர்றோம். நீ கத்தித் தொண்டைய கெடுத்துக்காத. அவங்க ஊதுவாங்கல்ல, சத்தத்த வச்சே..."

போன் அணைந்தது.

அவள் கைகளை அக்குளில் வைத்து நின்றாள். இருபது நிமிடம் இருக்கும். மறுபடி தொடங்கியது. ஒன்று. விரல் வைத்து ஊதும் இரண்டாவது. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.

ஆறாவது நடுவில் பிளந்திருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். போய்ச் சேர்ந்துவிட்டான், அவர்களுக்காகச் சேர்ந்து ஊதுகிறான். இடைவெளி நிமிடத்தில் அந்த நிம்மதி கரைந்தது. போய்ச் சேர்ந்தவன் ஆபத்து என்று ஏன் ஊத வேண்டும்? மறுபடி ஆறு. அதே வரிசை. ஆறாவது, பத்து நொடி முடிந்ததும் கடிகாரம் போல விழுந்தது. குவிரினுக்குத் தாளம் என்பதே கிடையாது. தேவாலயத்தில் எப்போதும் அரைச் சொல் முந்திப் பாடுவான். முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

மறுபடி. பத்து நொடி. பிசகவில்லை.

"குவிரின்," என்று கூப்பிட்டாள்.

விசில் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கும் அமைதி அது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது, ஒன்று, இரண்டு, அவளுக்குப் பதில் இல்லாமல், நிதானமாக.

அவள் இறங்கப் பார்த்தாள். எட்டு அடி வைத்ததும் பாதை காலுக்கடியில் இல்லை. ஒரு கல் தட்டி உருண்டது. விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. தவழ்ந்து பலகைக்குத் திரும்பி அதன் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள்.

சுற்றுகளை எண்ணினாள். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.

அப்போது வெகு கீழே, பள்ளத்தாக்குப் பக்கமிருந்து, மூன்று. பிளாஸ்டிக் விசிலின் கீச்சு. வேகமான, இளம் மூச்சு.

கோர்பி பதில் ஊதுகிறான்.

பள்ளத்தாக்கிலிருந்து வரும் பாதை அந்தப் புல்சரிவுக்கு அடியில்தான் கடந்து அவளிடம் ஏறும். வேறு வழி இல்லை.

"வராத. கோர்பி, வராத."

பனி சொற்களைத் தின்றுவிடும். குரல் மட்டும் போய்ச் சேரும். மேலே யாரோ கத்துகிறார்கள் என்றுதான் அவனுக்குக் கேட்கும். கத்துகிறவர்களிடம் எப்படி ஓட வேண்டும் என்று அவன் அப்பாவே சொல்லிக்கொடுத்திருந்தார்.

மூன்று. இன்னும் பக்கத்தில்.

அவள் தன் முதுகுப்பையின் பட்டையில் கோத்திருந்த விசிலை வாயில் வைத்தாள். எத்தனை ஊதுவது? ஆறு என்றால் வா. மூன்று என்றால் வருகிறேன். வராதே என்பதற்கு எண்ணிக்கை இல்லை. யாரும் வைக்கவில்லை. யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

ஊதாமல் பல்லால் கடித்தாள். அவள் ஊதாவிட்டாலும் கீழே அது ஊதிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று. இப்போது பூட்ஸ் சத்தமும். யாரோ ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

காற்று ஒருமுறை திரும்பியது. பனி விலகியது.

புல்சரிவில் ஆறு பேர், வரிசையாக, அவளுக்கு முதுகு காட்டி, கீழே பாதையைப் பார்த்து நின்றார்கள். முழங்கால்வரை பழங்காலத் தோல் கால்சட்டை அணிந்த ஒருவர். நீளப் பாவாடையில் ஒரு பெண். தொப்பி இல்லாத தலைகள். எல்லாக் கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. யார் கையும் வாயருகில் இல்லை. கடைசியில் சிவப்பு முதுகுப்பை.

விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாதையின் திருப்பத்தில் மூன்று மஞ்சள் தலைக்கவசங்கள் வந்தன.

"பாத்துட்டோம்," என்றான் கோர்பி. மூச்சு வாங்கியது, சந்தோஷமாக இருந்தது. "அப்பா, அங்கயே நில்லுப்பா. வந்துட்டோம்."

அவள் கத்தினாள். அவன் நிமிர்ந்து பார்த்து அவளுக்குக் கையாட்டிவிட்டு, சரிவில் ஏறத் தொடங்கினான்.

வரிசையின் கடைசியில் குவிரின் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தான். நின்றான்.

இன்னோர் அடி.

இன்னோர் அடி.

ஐந்தாமவனுக்கும் அவனுக்கும் நடுவில், மூன்று பேர் நிற்கும் அளவுக்கு, புல் காலியாக இருந்தது.