ஒப்பிட்டு சுற்றிய துணி

காலையில் பல் துலக்கியதும் சுவரில் இருக்கும் குருதிமானியில் விரலை வைப்பது நாச்சிமுத்துவின் வழக்கம். அன்று அது கொழுப்பின் அளவைச் சொன்னதோடு நிற்கவில்லை. "ஈரல்வில்லை இன்றோடு நிறுத்தப்படுகிறது. மருந்துமாற்று நிலையத்துக்கு வரவும்" என்றது. பதினோரு வருடமாக அந்தக் கொழுப்பு மாத்திரையை விழுங்கித்தான் அவருக்குத் தொடைச் சதையெல்லாம் ஓயாத வலி. சனியன் ஒழிந்தது என்றுதான் முதலில் தோன்றியது.

புதிய மருந்தின் பெயர் அருவருப்பூசி. ஈரலோடு மல்லுக்கட்டாமல், கொழுப்பை வாயில் வைக்கவே விடாத மருந்து. அவரவருக்கு நாக்கு ஊறும் பண்டத்தை வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். நிலையத்தில் இருக்கும் முகர்வி அதன் மணத்தைப் படித்து மருந்தில் பதித்துவிடும். ஊசி ஏறிவிட்டால் இரண்டு வருடத்துக்கு அந்த மணம் பட்டாலே குடல் தொண்டைக்கு வந்துவிடும். பொள்ளாச்சியில் பாதி ஜனம் பிரியாணிக் கடையை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்தது. மானங்கெட்ட வைத்தியம். ஆனாலும் மாரடைப்பு குறைந்துவிட்டதாம்.

நாச்சிமுத்துவுக்கு நெய் ஒப்பிட்டு, அதாவது பருப்புப் போளி என்றால் உயிர். அவர் மனைவி மயிலாத்தாள் நான்கு ஒப்பிட்டு தட்டிக் கொடுத்தாள். கண்ணாடி டப்பாவில் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

"டப்பாவுல வெச்சா வேர்த்துப் போயிருமுங்க" என்று, அடுப்படியில் தோளில் போட்டிருந்த பழைய நூல்சேலைத் துணியை எடுத்துச் சுற்றினாள். அந்த வீட்டில் ஒப்பிட்டை என்றைக்கும் அப்படித்தான் சுற்றுவார்கள். நாச்சிமுத்து மூட்டையை அப்படியே முகர்விக்குள் வைத்தார்.

மதியம் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் மயிலாத்தாள். "வலிச்சுதுங்களா?" என்று கையைத் தொட்டாள். அவ்வளவுதான். அவளைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் சாக்கடையில் வாந்தி எடுத்தார். கையில் நெய் வாசம் இருக்கும் என்று அவள் குளித்து வந்தாள். மறுபடியும் வாந்தி. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்து வந்தபோது அவர் கதவையே திறக்கவில்லை. முப்பத்தொரு வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய உடம்பு, செத்த எலியாக நாறியது.

மறுநாள் நிலையத்தில் பணியாளர் ரூபிணி பதிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"துணியோட வெச்சிட்டீங்க சார். அம்மாவோட வேர்வை வாசமும் சேர்ந்து பதிஞ்சிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு எடுக்க முடியாது."

"பழைய மாத்திரையே குடுத்துருங்க. கால் வலியப் பொறுத்துக்கறேன்."

"அத இப்ப யாரும் செய்யறதில்ல சார். வேணும்னா அம்மா மணமாற்றி மாத்திரை சாப்பிடலாம். பத்து நாள்ல உடம்பு வாசமே மாறிடும். ஆனா பழைய வாசம் திரும்ப வராது."

ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் எழுந்து வந்தாள். "கொழுப்பு இவருக்குத்தானுங்களே? நான் எதுக்குங்க மாறோணும்?" என்றாள். கேட்டது ரூபிணியை, பார்த்தது கணவனை.

நியாயமான கேள்வி என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் கிட்டே வந்த வேகத்தில் அந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. கைக்குட்டையால் மூக்கை அழுத்திப் பிடித்தபடி, "சாப்பிட்டுத் தொலையேன்! உன்ர நாத்தத்த எத்தன நாளைக்குத்தான் சகிக்கறது?" என்று கத்தினார். அங்கே காத்திருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மயிலாத்தாள் மாத்திரையை வாங்கித் தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாள்.

பதினோராம் நாள் காலை, அவள் காபி டம்ளரை மேசையில் வைத்தாள். நாச்சிமுத்து பயந்து பயந்து மூச்சை இழுத்தார். குமட்டல் இல்லை. புதுத் துணிக்கடையில் நிற்பதுபோல ஏதோ ஒரு வாசம், அவ்வளவுதான். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மயிலு, சரியாப் போச்சு புள்ள!" என்று எழுந்து அவள் தோளைப் பிடிக்கப் போனார்.

அவள் இரண்டு அடி பின்வாங்கி, முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

"அக்கட்டால போங்க. உங்களப் பாத்தாலே எனக்குக் கொமட்டுது" என்றாள். "எனக்கு ஒருத்தரும் ஊசி போடலீங்க."