நிற்காத சிவப்புக் கார்

ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் சிவப்புக் கார் இடப்பக்கம் திரும்பியது.

டிவி ரிப்பேர்க்காரர் பல்லைக் கடித்தார். காலையிலிருந்து இதே தலைவலி. கேசட்டை ஸ்பிரிட் விட்டுத் துடைத்தாயிற்று, ஜாய்ஸ்டிக்கை மாற்றியாயிற்று, அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியைத் திறந்து சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஈயம் வைத்தாயிற்று. ஈயம் சுட்ட புகை தொண்டையில் கமற, மத்தியான வெயிலில் கடை தகரம்போல் கொதிக்க, கட்டம் கட்டமான அந்தக் கார் மட்டும் காதுக்குள் புகுந்த கொசுவாக ரீங்கரித்துக்கொண்டு ஆளில்லாத சாம்பல் நிறச் சாலையில் போய்க்கொண்டே இருந்தது. மற்ற கார்கள் எப்போதோ காணாமல் போயிருந்தன. பந்தயம் மட்டும் முடிந்தபாடில்லை.

"சனியனே, நின்னு தொலையேன்!"

கேம் பெட்டியை அணைத்தார். கேசட்டை உருவி மேசையில் எறிந்தார். கார் ஓடியது. எரிச்சல் தலைக்கேற, டிவியின் பிளக்கையே பிடுங்கினார்.

கார் வலப்பக்கம் திரும்பியது.

கையில் பிளக். திரையில் சாலை.

செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து அக்கா.

"டேய், சாப்பிட வர்றியா? உன் வண்டிச் சத்தம் கேக்குது."

"நான் கடையிலதான்க்கா இருக்கேன்."

"விளையாடாத. தெருவுக்குள்ள திரும்பிட்ட. சைலன்சரை மாத்துடான்னு எத்தனை தடவை சொல்றது? கொசு மாதிரி நொய்யின்னு..."

அவருக்கும் கேட்டது. போனுக்குள்ளிருந்து. ஒரு காதில் திரையின் ரீங்காரம், மறு காதில் அதே ரீங்காரம். கிட்டத்தில்.

இரண்டும் ஒன்றாக நின்றன.

திரையில் கார் நின்றிருந்தது.

"வந்துட்டல்ல? இரு, கதவத் திறக்கறேன்."

"அக்கா, வேணாம்! திறக்காத! அக்கா!"

தாழ்ப்பாள் நகரும் சத்தம்.

"யாரு நீ..."

அப்புறம் பேச்சில்லை. மூச்சில்லை. பிறகு, மெல்ல, ரீங்காரம்.

கார் கிளம்பியது. பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. ஓட்டுபவன் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். பக்கத்தில் அக்காவின் தலைபோல் நரைத்த ஒரு கட்டம்.

அது மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.