கீழே பார்க்காத வரை

இரும்புப் படி சத்தம் போடவில்லை. நூரைனுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அஜ்மத் பேகத்தின் வீட்டு மாடியில் ஒற்றை அறை எடுத்து அவளும் கணவன் அமானும் குடியிருந்தார்கள். ஏறி வர வெளிப்பக்கமாக ஒரு துருப்பிடித்த படிக்கட்டு; பூனை ஏறினால்கூட ஊருக்கே சொல்லிவிடும். நூரைன் காதை வைத்துப் பிழைக்கிறவள். நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைக் கார்ட்டூன் படங்களுக்குச் சத்தம் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். யாராவது வழுக்கினால் ஈரத்துணியைத் தரையில் இழுப்பாள், மண்டையில் சட்டி விழுந்தால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவாள். அன்றும் அப்படித்தான் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று. மழை மேகம் மலையைப் பாதிக்கு மூடி, அறை இருட்டிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் அமான் கதவுக்குள் நிற்கிறான்.

"என்னங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?"

"வேலை முடிஞ்சிடுச்சு நூரு."

மலைமேல் கார்த்திகை தீபம் ஏற்ற எட்டு நாள்தான் இருந்தது. லாட்ஜ் லாட்ஜாக ஏறிக் கேமரா மாட்டுகிறவனுக்கு இந்த வாரத்தில் மூன்று மணிக்கு வேலை முடியுமா? ஆனாலும் கல்யாணமான இரண்டு வருடத்தில் பகலில் அவன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தான். தொப்பி போட்ட கறுப்பு ஆடு. அதைக் கண்டால் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். நாலு கோட்டில் போட்ட உருவம்தான், ஆனால் வாலைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும், மழை பெய்தால் அதுவே குடையாக விரியும். ரோடு ரோலர் ஏறினால் அப்பளமாகி, அப்பளமாகவே எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு போகும். அந்தப் படங்களில் யாருக்கும் வலிப்பதில்லை, யாரும் சாவதில்லை. இன்றைய காட்சியில் ஆடு ஒரு கட்டடத்தின் விளிம்பைத் தாண்டி, தாண்டியது தெரியாமலேயே வெறும் காற்றில் நடந்துகொண்டிருந்தது. குனிந்து கீழே பார்க்கிற வரைக்கும் அது விழாது. பார்த்த பிறகுதான் விழும். அந்த நடைக்கு என்ன சத்தம் வைப்பது என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அமான் வழியில் கிடந்த நாற்காலியை ஓரமாக இழுத்தான். மொசைக் தரையில் பல் கூசக் கிறீச்சிடும் நாற்காலி அது. கிறீச்சிடவில்லை.

அவன் மேல் எந்த வாசமும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். தினமும் கூடவே வருகிற சிமெண்டுத் தூசி, வியர்வை, மதியம் தின்ற பரோட்டாவின் சால்னா, எதுவுமே இல்லை. மைக் இன்னும் திறந்தே இருந்தது. அவள் மூச்சு விட்டாலும் துள்ளுகிற பச்சைக் கோடு திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு இன்னும் சத்தம் போடலியா?" என்றான்.

கோடு அசையவில்லை.

"இல்லீங்க."

கோடு துள்ளியது.

கோட்டையும் அவன் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவனோடு வேலை செய்கிற வேணு. எடுத்ததுமே அழுகை.

"அக்கா, பாய் விழுந்துட்டாருக்கா. நாலாவது மாடி. கேமராவையே பாத்துக்கினு பின்னாடி நவுந்தாரு, விளிம்ப பாக்கல. பெரியாஸ்பத்திரிக்கு எடுத்தாந்தோம். போயிட்டாருக்கா. எங்க கண்ணு முன்னாடியே போயிட்டாரு."

"யாரு?" என்றான் அமான்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். "ராங் நம்பருங்க."

அவள் பார்வை தானாகத் தரைக்குப் போனது. மொசைக்கில் பதித்திருந்த பூ அவன் பாதத்துக்கு அடியில் முழுசாகத் தெரிந்தது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

அவனுக்குத் தெரியாது. இன்னும் தெரியாது.

இந்த மனிதனை அவள் விடப்போவதில்லை. அவன் கீழே பார்க்கக் கூடாது. அது போதும்.

"என்னவோ காலு லேசா இருக்கு நூரு. செருப்பு கழண்டுடுச்சா என்னா?" குனியப் போனான்.

"என்ன பாருங்க!" கத்திவிட்டாள். "என் மூஞ்சிய பாருங்க. நீங்க என்ன பாத்தே ரெண்டு நாளாச்சு."

சிரித்தான். "சரி, பாத்துக்கினே இருக்கேன். போதுமா?"

பார்த்தான். மழை பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் போனது. சோற்றை ஊட்டிவிடலாம் என்று நினைத்தாள். ராத்திரி எப்படியும் கண்ணை மூடிக்கொள்வான். விடிந்ததும் அவன் விழிப்பதற்கு முன்னால் எதிரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். நாளைக்கும். அதற்கு மறுநாளும்.

கீழே தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. யாரோ என்னவோ சொன்னார்கள். உடனே அஜ்மத் பேகத்தின் அலறல்.

"யா அல்லா! அமானு! போயிட்டியேப்பா அமானு!"

அமானின் புருவம் சுருங்கியது. "என் பேர சொல்லி அழறாங்களே?"

ஜன்னல் பக்கம் திரும்பினான். தெருவைப் பார்க்க. கீழே.

பாய்ந்தாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. தாடையை நிமிர்த்தினாள்.

"வேணாங்க. வேணாம். என்ன மட்டும் பாருங்க."

முகம் அசையவில்லை. பிடி அப்படி.

கண்மணிகள் மட்டும் இறங்கின. மெல்ல. அவள் மூக்கைத் தாண்டி. கழுத்தைத் தாண்டி. இன்னும் கீழே, அவன் பாதம் வரை.

அங்கேயே நின்றன.

பிறகு மேலே வந்து அவளைப் பார்த்தன. உதடுகள் 'நூரு' என்று அசைந்தன. குரல் வரவில்லை. அவள் உள்ளங்கைகளில் அவன் தலை கனக்கத் தொடங்கியது.