வீட்டுக்கு ஒரு பத்லி

கம்பெனியின் நான்காவது மாடியில், ஏசி ஓடும் அந்த அறையில், கருவாட்டுக் குழம்பு வாசம் அடித்தது. பம்பாய் விக்ரோலியில் கருவாடு சாப்பிடக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லைதான். ஆனால் இது பேராச்சி வைக்கிற குழம்பு. புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, கடைசியில் ஒரு துண்டு மாங்காயைப் போட்டு மூடி வைக்கிற அந்த வாசத்தை, கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வரும் பிரம்மநாயகத்துக்குத் தெரியாமல் போகாது. பேராச்சி இருப்பது தாராவியில். வாசம் இருப்பது இங்கே. சட்டையை முகர்ந்து பார்த்தார். சட்டையில் மழையும் ரயிலும்தான் மணந்தன.

எச்.ஆர். மேடம் ஷ்யாமளா, மாட்டுங்காக்காரி, கொஞ்ச நேரம் முன்புதான் ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்திருந்தாள். "உங்களுக்காகவே தமிழ்ல அடிச்சிருக்கோம். சாவகாசமா படிங்கோ. படிக்காம கையெழுத்துப் போடறவாளை எங்க கம்பெனிக்குப் பிடிக்காது."

ஜெயினுலாப்தீன் பாயும் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய தோல்பைப் பட்டறையில்தான் பிரம்மநாயகம் இத்தனை காலம் மெஷின் மிதித்தார். "புது வேலைக்குப் போறது போம்வே, நல்லாயிரும். ஆனா ஒரு வரி விடாமப் படியும். வெளங்கலன்னா கேளும். வெக்கப்பட்டு மண்டைய ஆட்டிராதேயும்." பட்டறையில் யாருக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக் கொடுத்திராத மனுஷர், காகிதத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசினார்.

முனிசிபல் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த தமிழ் துருப்பிடித்துக் கிடந்தது. விரலை வரியின்கீழ் நகர்த்தி, உதட்டை அசைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். குடோன் பொறுப்பு. பி.எஃப். உண்டு. ஞாயிறு லீவு. 'இந்த ஒப்பந்தத்தைப் படிக்கும் நேரமும் பணி நேரமாகவே கருதப்படும்' என்று இருந்ததைக் கண்டு மனசு குளிர்ந்துபோய், இன்னும் மெதுவாகப் படித்தார்.

'தொழிலாளி வராத நாளில் அவர் வீட்டிலிருந்து ஒருவர் பத்லியாக வரலாம்.'

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் வருவது ஊரறிந்த வழக்கம்; இதை எதற்கு அச்சடிக்க வேண்டும்? அப்பா மில்லுக்குள் நுழைந்ததே சித்தப்பாவுக்குப் பத்லியாகத்தான். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறவன், தன் இடத்தில் தம்பியையோ மச்சானையோ உட்கார்த்திவிட்டுத்தான் ரயிலேறுவான். திரும்பி வந்ததும் தம்பி மரியாதையாக எழுந்துகொள்வான். எழுந்துகொள்ளாத தம்பியைத் தாராவியில் யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வரி: 'தொழிலாளி பணியில் இருக்கும் நேரத்தில் அவர் வீட்டுக்கு நிறுவனம் ஒரு பத்லியை அனுப்பிவைக்கும்.'

இதையும் அவர் நல்லதாகவே எடுத்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் குடத்தோடு நிற்க ஓர் ஆள். கேஸ் சிலிண்டர் தூக்க ஓர் ஆள். பெரிய கம்பெனி, செய்தாலும் செய்யும். இருந்தாலும் பாய் சொன்னபடி, மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மேடம், வீட்டுக்கு வார பத்லி என்ன வேல செய்வாரு?"

"நீங்க ஆத்துல என்ன பண்ணுவேளோ, அதை."

"நான் வீட்டுல ஒண்ணும் செய்யமாட்டேன்னுல்லா எம் பொண்டாட்டி சொல்லுதா!"

"அப்போ அதையே பண்ணுவார்" என்றாள் ஷ்யாமளா, சிரிக்காமல்.

குழம்பு வாசம் நின்றுபோயிருந்தது. இப்போது வந்தது சோப்பு வாசம்; யாரோ சாப்பிட்டுக் கை கழுவியது போல. ஏசியின் முனகலுக்கு அடியில், கூண்டில் இறக்கை உரசி உரசி ஓடும் ஒரு பழைய மேசை விசிறியின் சத்தம் கேட்டது. அந்த அறையில் விசிறி இல்லை. கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது.

பாய்க்குப் போன் போட்டார்.

"பாய், ஒரு வரி வெளங்கல..."

"எந்த வரி? யாரு பேசுதது?"

"நாந்தான், பிரம்மநாயகம்."

"வெளையாடாதேயும்! அவரு இப்பந்தான எங்கூட சாயா குடிச்சிட்டு எந்திச்சுப் போறாரு. அந்த வேல வேண்டாம், நாளைக்கே மெஷின்ல உக்காந்துருதேன்னாரு, சரின்னுட்டேன்." பாய் கொஞ்சம் நிறுத்தினார். "ஆமா, அவரு போனு ஒம்ம கையில எப்படி வந்துச்சு?"

பிரம்மநாயகம் எழுந்தார்.

"மேடம், நான் இன்னும் கையெழுத்தே போடலியே!"

"யார் இல்லைன்னா? ஆனா படிக்க உக்காந்தேளே. அது பணி நேரம்னு நீங்களே படிச்சேளே."

"வேண்டாம். எனக்கு இந்த வேலையே வேண்டாம். அந்த ஆளத் திரும்பக் கூப்பிடுங்க."

"வேலையை விடறவாளுக்குத்தான் பத்லியைத் திரும்பக் கூப்பிட முடியும். நீங்கதான் சேரவே இல்லையே."

"அப்பம் இப்பமே சேந்துட்டு விட்டுருதேன். கையெழுத்துப் போட்டா?"

"போட்டா டியூட்டி, நடுவுல விட முடியாது. டியூட்டியில நீங்க இங்க, அவர் அங்க." அவள் குரலில் நிஜமான பரிவு இருந்தது. "பயப்படாதீங்கோ. நான் ஆத்துக்குப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. அங்க ஒரு குறையும் இல்லைன்னு சொல்றா."

அவர் ஓடினார். யாரும் தடுக்கவில்லை. லிஃப்ட் திறந்தே நின்றது. வாட்ச்மேன் சலாம் வைத்தான். ரயிலில் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பம்பாய் ரயிலில் அப்படி விடுவதைப் பார்த்து அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

தாராவிக்குப் போக சயானில் இறங்கினார். மழை. சாக்கடைத் தண்ணீர். பக்கத்து வீட்டு பீவி எதிரே வந்தாள். தினம் வம்பு பேசுகிறவள். ஒதுங்கி வழி விட்டாள். யாரோ வெளி ஆளுக்கு விடுவது போல.

அவருடைய சந்து.

அவருடைய வாசல்.

திரைச்சீலை பாதி விலகியிருந்தது. அடுப்படியிலிருந்து பேராச்சி எட்டிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். அவரைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

"யாருங்க? கம்பெனியில இருந்தா? அவுக அசந்து படுத்திருக்காக. நாளைக்கு வாங்க."

சொல்லிவிட்டு அரிசி களையத் திரும்பிக்கொண்டாள்.

தரையில் ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். அவருடைய கைலி. அவருடைய பிடரி. மகள் பானுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தாள். மெஷின் மிதித்த அலுப்புக்கு அவள் தினமும் அப்பாவுக்குச் செய்வதுதான்.

பிரம்மநாயகம் வாயைத் திறந்தார்.

"பானு!"

குரல் அவர் தொண்டையிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

"என்னப்பா?" பிள்ளை கீழே குனிந்து சிரித்தாள். "இன்னும் அழுத்தி மிதிக்கவா?"

மறுபடி வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை.

அவள் வலது காலைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. பிசைந்த மாவில் இறங்குவது போல அது கணுக்கால்வரை அந்த முதுகுக்குள் இறங்கியிருந்தது. இடது கால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.