இணைப்பு இல்லை

கம்பியைப் பிடுங்கிய பிறகும் நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவள் கையிலிருந்த கேபிளின் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

மருத்துவமனையின் அடித்தளத்தில் ஜன்னலில்லாத அந்த அறை, ஏசியின் ஈரக் காற்றும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலுமாக, வெளியே பகலா இரவா என்று கேட்கத் தோன்றாத ஒரு இடமாக இருந்தது. அங்கே அவள் பொறுப்பிலிருந்த லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டில்களிலிருந்து இதயத்துடிப்புகளை வாங்கி நர்ஸ்களின் மேசைத் திரையில் காட்டும். இன்னொன்று அவற்றை மருத்துவமனையின் பதிவேட்டுக்கு அனுப்பும். வாங்கும் கார்டு காலையிலிருந்து நினைத்தால் வேலை செய்தது, நினைத்தால் படுத்துக்கொண்டது. அது படுக்கும்போதெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் அபாய மணி வீணாக அலறியதில், நர்ஸ்கள் பொறுக்கமாட்டாமல் கட்டிலோரக் கருவிகளின் வாயை அடைத்துவிட்டார்கள். இனி அவர்களுக்குக் கண்ணும் காதும் அந்தத் திரைதான்.

கடைசிக் கட்டிலில் அவளுடைய அக்கா, வாயில் சுவாசக் குழாயோடு.

குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்குக் கிளம்பும்போது அத்தான் கெஞ்சியிருந்தார். "கொஞ்ச நேரம் அவ பக்கத்துல உட்காரேம்மா."

"இந்தக் கார்டை மாத்திட்டு வந்துடறேன் அத்தான்."

பொய்யில்லை. ஆனால் முழு உண்மையுமில்லை. இங்கே எது கெட்டது என்று கண்டுபிடிக்கலாம். டிரைவரை மாற்றலாம், கேபிளை மாற்றலாம், ஒன்றும் சரிவரவில்லையென்றால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பொருத்தலாம். மேலே, அந்தக் கட்டிலில், அவள் கைக்கு எந்த வேலையும் இல்லை. அக்காவின் வீங்கிய முகத்தைப் பார்ப்பதைத் தவிர.

வார்டைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். "சிஸ்டர், கம்பியை எடுத்துட்டேன். திரை அணைஞ்சிருக்கும். நான் சொல்ற வரைக்கும் ஆளுக்கொரு கட்டில் பக்கத்துல நின்னுக்கோங்க."

"எங்கம்மா அணைஞ்சுது? எல்லாம் ஜோரா ஓடுதே!" அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டர், சிரித்தார். "என்ன கம்ப்யூட்டர் டாக்டரே, ஆள் மாத்தி ஆபரேஷன் பண்ணிட்டீங்களா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சர்வரை அணைத்துப் போடும்போது சில சமயம் அது கார்டுகளின் பெயர்களை மாற்றிவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அதில் ஏமாறாதவர் இந்தத் தொழிலில் இல்லை. எதற்கு வம்பென்று மற்ற கம்பியையும் உருவினாள்.

"இப்போ?"

"இப்பவும் ஓடுதும்மா."

கட்டளையைத் தட்டினாள். இரண்டு கார்டுகளுக்கும் ஒரே பதில்: இணைப்பு இல்லை. ஆனால் அதற்குக் கீழே, உள்ளே வந்த தகவலின் எண்ணிக்கை ஏறியது. நின்றது. ஏறியது. நின்றது. இத்தனை கட்டில்களிலிருந்து வரும்போது அது சந்தைக் கூட்டம் மாதிரி முட்டிமோதிக்கொண்டு ஏறும். இது அப்படியில்லை. ஒரே சீர். ஒரே ஒருவருடைய துடிப்பைப்போல.



சர்வரை நிறுத்தினாள். மின்கம்பியையும் பிடுங்கினாள். விசிறிகள் ஒவ்வொன்றாக முனகி அடங்க, அந்த அறையில் அவள் அதுவரை கேட்டிராத அமைதி வந்து நின்றது. மூடியைத் திறந்து, திருகைக் கழற்றி, கார்டை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கு சிமிட்டியது.

"உங்க அக்காவோடதுதான் இருக்கறதுலயே அழகா ஓடுது," என்றார் பெரிய சிஸ்டர். "காலையிலேர்ந்து இப்படிப் பார்க்கவே இல்ல."

"சிஸ்டர், திரையைப் பார்க்காதீங்க. எல்லாரையும் நாடி பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நீங்க அக்காகிட்ட போங்க."

"அதான் கண்ணால பார்க்கறேனே..."

"போங்க சிஸ்டர்!"

செருப்புச் சத்தம். திரைச்சீலை விலகும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை.

"பிடிச்சிட்டேன். சூடா இருக்கு."

அதே குரல்தான். ஆனால் அதன் பின்னால் வார்டு இல்லை. சுவாசக் கருவியின் இரைச்சல் இல்லை, காலடிகள் இல்லை. மூச்சுகூட இல்லை.

கார்டை வீசிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

அவள் சொன்னபடியே ஆளுக்கொரு கட்டிலருகே நின்றிருந்தார்கள். தலை குனிந்து, நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி. யாரும் திரும்பவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் சத்தம் அடைக்கப்பட்ட கருவியில் நேர்க்கோடு. நேர்க்கோடு. நேர்க்கோடு. மேசைத் திரையில் மட்டும் அத்தனை கோடுகளும் ஒன்றாகக் குதித்தன. ஒன்றாக இறங்கின.

கடைசிக் கட்டில். அக்கா. அக்காவின் கையைப் பிடித்தபடி பெரிய சிஸ்டர்.

"சிஸ்டர்."

கண்கள் திறந்திருந்தன. இமை அசையவில்லை.

"நல்லாத்தான் துடிக்குதும்மா," என்றது போன். எதிரே நின்றவரின் உதடுகள் மூடியே இருந்தன.

கையை நீட்டினாள். கோத்திருந்த அந்த இரண்டு கைகளின்மேல் வைத்தாள். இரண்டும் கல்லாகக் குளிர்ந்திருந்தன.

"ஆ, உன் கையும் வந்துடுச்சு," என்றது போன், சந்தோஷமாக. "சூடா இருக்கு. மூணும் ஒண்ணாத் துடிக்குது."

தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அப்படியே நின்றாள். தலை குனிந்து.